பேச்சும் எழுத்தும் கணினியும்: விதிவழியிலிருந்து தரவுவழிக்கு

முன்னுரை

மனித மொழியைக் கணினி கையாளுமாறு செய்யும் ஆய்வு எழுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஒரு மொழியில் எழுதப்பட்டதைப் பிறிதொரு மொழியில் பெயர்த்தல், பேச்சொலியைக் கேட்டு எழுத்தாக்குதல் என்னும் இரண்டும் இத்துறையின் மூத்த சிக்கல்களாகும். இவற்றைத் தீர்க்க முனைந்தோருள் பலர் தொடக்கத்தில் இலக்கண விதிகளை நம்பினர். பின்னர்ப் பெருந்தொகையான மொழித்தரவுகளைத் திரட்டி எண்ணிக் கணக்கிடும் வழிக்குத் திரும்பினர். பொறியியலார் மொழியியலாரை வென்ற கதையாகவே இம்மாற்றம் பெரும்பாலும் கூறப்படுகிறது. அக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஆய்வு வரலாற்றைக் கொண்டு ஆராய்வதும், அதனின்று தமிழ் ஆசிரியர் பெறத்தக்க பாடத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

விதிவழியின் எழுச்சி

1949ஆம் ஆண்டு வாரன் வீவர் என்னும் கணித அறிஞர், கணினியைக் கொண்டு மொழிபெயர்க்க இயலும் என வாதிட்டுக் குறிப்பறிக்கை ஒன்றைத் தம் நண்பர்க்கும் அறிஞர்க்கும் சுற்றுக்கு விட்டார். ஐந்தாண்டுகள் கழித்து, 1954 சனவரி 7ஆம் நாள், நியூயார்க்கிலுள்ள ஐபிஎம் நிறுவனத்தின் தலைமையகத்தில் முதல் பொதுச் செயல்விளக்கம் நடைபெற்றது. சார்ச்டவுன் பல்கலைக்கழகமும் அந்நிறுவனமும் இணைந்து நடத்திய அந்நிகழ்ச்சியில், அறுபதுக்கு மேற்பட்ட உருசிய வாக்கியங்களை ஐபிஎம் 701 என்னும் கணினி ஆங்கிலத்தில் பெயர்த்துக் காட்டியது. அதற்கு அளிக்கப்பட்டிருந்தவை 250 சொற்களும் ஆறு இலக்கண விதிகளும் மட்டுமே.

நாளிதழ்கள் இச்செய்தியை வியந்து வெளியிட்டன. பனிப்போர்க் காலமாதலின், உருசிய அறிவியல் நூல்களை விரைந்து அறிய விரும்பிய அரசு நிதியைத் தாராளமாக வழங்கியது. ஆயின், அவ்வாக்கியங்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டவை. அந்த 250 சொற்களுக்கும் ஆறு விதிகளுக்கும் அடங்குமாறு அமைக்கப்பட்டவை. முன்பின் காணாத வாக்கியம் ஒன்றைக் கணினி எவ்வாறு எதிர்கொள்ளும் என்பது அன்று சோதிக்கப்படவில்லை.

இக்குறையை முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் யெகோசுவா பார்-இல்லெல். 1952இல் எந்திர மொழிபெயர்ப்புக்கான முதல் மாநாட்டைக் கூட்டியவரும் அவரே என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1960இல் வெளிவந்த தம் கட்டுரையில் அவர் ஓர் எளிய சான்றைக் காட்டினார். எழுதுகோலையும், குழந்தை விளையாடுவதற்கான சிறு அடைப்பையும் ஆங்கிலத்தில் ஒரே சொல் குறிக்கும். பெட்டி ஒன்று அதனுள் இருந்தது என்று வாக்கியம் வருமாயின், எழுதுகோலினுள் பெட்டி இருக்க இயலாது என்பதை மனிதன் உடனே உணர்வான். கணினிக்கு அவ்வுலகியலறிவு இல்லை. அகராதியும் இலக்கணமும் எவ்வளவு பெருகினும் இச்சிக்கல் தீராது என்பது அவர் வாதம். 'ஆறு கடந்தான்' என்பதில் எண்ணா, நதியா என்று மயங்காத தமிழ் மாணவனும் இவ்வுலகியலறிவைத் துணைக்கொண்டே பொருள் காண்கிறான்.

அளவீடும் பின்னடைவும்

1964ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் சார்பில், பெல் ஆய்வகத்தைச் சார்ந்த சான் பியர்சு என்பாரின் தலைமையில் 'அல்பேக்' என்னும் குழு அமைக்கப்பட்டது. மொழிபெயர்ப்பு எவ்வளவு தெளிவாகப் புரிகிறது, மூலத்திற்கு எவ்வளவு உண்மையாக உள்ளது என்பவற்றை மதிப்பெண் இட்டு அளந்த ஆய்வினையும் அக்குழு தன் அறிக்கையில் இணைத்தது. மனிதர் செய்யும் மொழிபெயர்ப்பை நோக்க எந்திர மொழிபெயர்ப்பு தாமதமானது, பிழை மிக்கது, செலவு கூடியது என 1966இல் அவ்வறிக்கை தீர்ப்புரைத்தது. அதன் பின்னர் அமெரிக்காவில் இத்துறைக்கான நிதி பெரிதும் வற்றியது. எனினும், மொழியைக் கணினிவழி ஆராயும் அடிப்படை ஆய்வுகளைத் தொடர்ந்து ஆதரிக்க வேண்டும் என்றும் அவ்வறிக்கை பரிந்துரைத்தது. இப்பகுதி பலராலும் மறக்கப்பட்டது.

1969இல் பியர்சு பேச்சறிதல் துறையையும் கடுமையாகச் சாடி மடல் ஒன்றை எழுதினார். 1952இலேயே பெல் ஆய்வகத்தின் 'ஆட்ரி' என்னும் பொறி, ஒருவர் குரலுக்கேற்பச் சரிசெய்யப்பட்ட நிலையில், தனித்தனியே ஒலிக்கப்படும் எண்களை அறிந்து காட்டியிருந்தது. அதன் பிறகு அறிவியல் நெறிப்பட்ட முன்னேற்றம் போதுமான அளவு இல்லை என்பதே பியர்சின் குற்றச்சாட்டாகும்.

எண்ணும் வழி

எண்ணும் வழிக்கு நெடிய முன்வரலாறு உண்டு. 1913ஆம் ஆண்டு உருசியக் கணித அறிஞர் மார்கோவ், புசுகினின் 'எவுகேனி ஒனேகின்' என்னும் செய்யுட் புதினத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு கையாலேயே எண்ணினார். உயிரெழுத்துகள் 8,638, மெய்யெழுத்துகள் 11,362. உயிரையடுத்து உயிர் வருவது அரிது என்றும் மெய்யையடுத்து உயிர் வருவது மிகுதி என்றும் அவர் கண்டார். ஓர் எழுத்தின் வருகை அதற்கு முன்னுள்ள எழுத்தைச் சார்ந்தது என்பதை எண்ணால் நிறுவிய முயற்சி இது. 1948இல் கிளாடு சானன் தம் தகவற் கோட்பாட்டில் இக்கருத்தை ஆங்கிலத்திற்குப் பொருத்திக் காட்டினார்.

1971 முதல் 1976 வரை அமெரிக்கப் பாதுகாப்புத்துறையின் ஆய்வு அமைப்பு, ஏறத்தாழ ஆயிரஞ் சொற்கள் கொண்ட தொடர்பேச்சை உணரும் பொறிகளை உருவாக்க நிதி அளித்தது. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஆர்ப்பி' 1976இல் 1,011 சொற்களைக் கொண்டு அவ்விலக்கை எட்டியது. பேசப்படக்கூடிய வாக்கியங்கள் அனைத்தையும் ஒரே வலைப்பின்னலாக்கி, கேட்ட ஒலிக்கு மிகவும் பொருந்தும் பாதையைத் தேடுவது அதன் செயல்முறை. அங்கு இவ்வாய்வுகளை வழிநடத்தியவர், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற இராஜ் ரெட்டி ஆவார். 1994இல் அவர்க்கு டூரிங் விருது வழங்கப்பட்டது.

இதே காலத்தில், 1972இல் ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்த பிரெடரிக் செலினெக் தம் குழுவினருடன் பேச்சறிதலை நிகழ்தகவுச் சிக்கலாக அணுகினார். கேட்ட ஒலிக்கு எச்சொல் பொருந்தும், முன்வந்த சொற்களுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்னும் இரு வினாக்களுக்கும் தரவிலிருந்தே விடை கணிக்கப்பட்டது. பின்னர் அக்குழு இம்முறையை மொழிபெயர்ப்புக்கும் விரித்தது. 1993இல் வெளியிட்ட ஆய்வில், கனடிய நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து 17 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆங்கில-பிரெஞ்சு வாக்கிய இணைகளை அவர்கள் பயன்படுத்தினர். மொழியியலார் ஒருவர் விலகுந்தோறும் பொறியின் திறன் உயர்கிறது என்று செலினெக் கூறியதாக வழங்கும் கூற்று இக்காலச் சூழலில் எழுந்ததே.

எண்ணுக்கு அடியிலுள்ள உழைப்பு

இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. எண்ணுவதற்கு முன் எண்ணத்தக்கதாக மொழியை ஆக்கித் தந்தவர் யாவர் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. கனடிய நாடாளுமன்ற உரைகளை இரு மொழிகளிலும் தந்தவர்கள் மனித மொழிபெயர்ப்பாளர்களே. அவர்களுடைய பல்லாண்டு உழைப்பையே ஐபிஎம் கணினி கற்றது.

1960களில் பிரௌன் பல்கலைக்கழகத்தின் நெல்சன் பிரான்சிசும் என்றி குசேராவும் 1961இல் அமெரிக்காவில் அச்சான நூல்கள், இதழ்களிலிருந்து 500 பகுதிகளைத் தேர்ந்து, பத்து இலட்சம் சொற்கள் கொண்ட தரவுத்தொகுப்பை உருவாக்கினர். செய்தி, சமயம், புனைகதை, அறிவியல் என வகைவகையாகப் பங்கிட்டதில்தான் அதன் பயன் அமைந்தது. 1980களின் நடுவில் உருவான 'டிமிட்' என்னும் பேச்சுத்தொகுப்பு, எட்டு வட்டாரங்களைச் சார்ந்த 630 பேர் பத்துப் பத்து வாக்கியங்களைப் படித்த ஒலிப்பதிவாகும். அதன் ஒவ்வொரு ஒலியும் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதை ஒலியியல் பயின்றோர் குறியிட்டனர். வாக்கிய அமைப்பைப் பகுத்துக் காட்டும் பென் மரவங்கியும் மொழியியற் பயிற்சியின் விளைவே. எனவே இலக்கண அறிவு இத்துறையை விட்டு நீங்கவில்லை; விதி எழுதுமிடத்திலிருந்து தரவைத் தேர்ந்து குறியிடுமிடத்திற்கு அது பெயர்ந்தது. ஒரே தரவு, ஒரே சோதனை, வெளிப்படையான மதிப்பெண் என்னும் ஒழுங்கு 1980களில் வேரூன்றியதும் 1954இல் நேர்ந்த மயக்கத்திற்கு மருந்தாயிற்று.

தமிழுக்கான பாடம்

தமிழ் எழுத்துத் தரவில் முற்றிலும் வறிய மொழியன்று. இந்திய அரசின் மொழித் தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டம் 1991இல் தொடங்கியதை ஒட்டி, மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் ஏறத்தாழ 30 இலட்சம் சொற்கள் கொண்ட தமிழ்த் தரவுத்தொகுப்பை உருவாக்கியது. 2011இல் கூகுள் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழும் இடம்பெற்றது. இவையனைத்தும் பெரிதும் எழுத்து வழக்கைச் சார்ந்தவை.

சார்லசு பெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு நிலை தமிழுக்கு முற்றும் பொருந்துவதை நாம் அறிவோம். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதுபவர் 'வந்துக்கிட்டு இருக்கேன்' என்று பேசுகிறார். அப்பேச்சை எழுத்தில் வடிக்கும்போது 'வந்துகிட்டிருக்கேன்', 'வந்திட்டிருக்கேன்' எனக் கைக்கொரு வடிவம் எழுகிறது. எண்ணும் பொறிக்கு இவை வேறுவேறு சொற்கள். ஒட்டுநிலை மொழியாதலின் ஒரு வினையடியே பலநூறு வடிவம் ஏற்கும் தமிழில், இச்சிதறல் தரவின் வலிமையை மேலும் குறைக்கிறது. 'பசார்' போன்ற மலாய்ச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் இயல்பாகக் கலந்துவரும் மலேசிய, சிங்கப்பூர்ப் பேச்சு, தமிழகத் தரவை மட்டும் கற்ற பொறிக்கு அயலாகவே ஒலிக்கும்.

சிங்கப்பூரில் 2005இல் நடைபெற்ற தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, தரமான பேச்சுத்தமிழை வகுப்பறைக்குப் பரிந்துரைத்தது. எது தரமான பேச்சு, அதை எவ்வாறு எழுதிக் காட்டுவது என்று வகுப்பறையில் எழும் வினாக்களே பேச்சுத்தொகுப்பை உருவாக்குவோரும் விடைகாண வேண்டிய வினாக்கள். அவற்றுக்கு விடையளிக்கும் பயிற்சி பெற்றவர் தமிழாசிரியரே.

முடிவுரை

டிமிட் தொகுப்பின் அளவு 6,300 வாக்கியங்கள் மட்டுமே. தோட்டத்து முதியவர், நகரத்து மாணவர், இலங்கை மரபினர் எனப் பேசுவோரை வகைப்படுத்தித் தேர்ந்து, அவர்தம் இசைவுடன் பதிந்து, ஒரே எழுத்துமுறையில் குறியிட்டால் அதற்கு ஒப்பான தொகுப்பொன்றைப் பல்கலைக்கழகத் துறைகளும் ஆசிரியர் அமைப்புகளும் கூடி உருவாக்க இயலும். அத்தொகுப்பில் ஒரு பகுதியைச் சோதனைக்கென ஒதுக்கிவைத்தல் இன்றியமையாதது. நம் பொறிகள் நம் பேச்சை எவ்வளவு கேட்கின்றன என்பதை அப்போதுதான் அளக்க முடியும். தோட்டங்களில் வளர்ந்த தலைமுறையின் பேச்சு அவர்களோடு மறைந்து வருகிறது. பதியப்படாத பேச்சை எந்தப் பொறியும் பின்னாளில் கற்க இயலாது. ஆதலின் இப்பணியை இத்தலைமுறை ஆசிரியரே தொடங்குதல் வேண்டும்.