ஐபோனும் தனி ஆள் மென்பொருள்காரர்களும்

2007 ஜூன் 29 அன்று ஐபோன் விற்பனைக்கு வந்தபோது அதில் ஆப் ஸ்டோரே கிடையாது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதற்கு முன்பு, ஜூன் 11-ல் நடந்த மாநாட்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் மென்பொருள்காரர்களிடம் சொன்னது இதுதான்: செயலி எழுத வேண்டுமா, சஃபாரி பிரவுசரில் ஓடும் வலைப்பக்கமாக எழுதுங்கள், போதும். பலருக்கு அது ருசிக்கவில்லை.

காரணம் இருந்தது. போனைச் சாய்ப்பதை அன்றைய வலைப்பக்கம் உணராது. எல்லாவற்றுக்கும் மேல், காசு வாங்குவது பெரும்பாடு. முன்பின் தெரியாத ஒருவர் தளத்தில் ஓரிரு டாலருக்காக யார் கார்டு எண்ணைத் தட்டுவார்கள்?

அக்டோபரிலேயே ஆப்பிள் மனம் மாறியது. 2008 ஜூலை 10-ல் சுமார் 500 செயலிகளோடு கடை திறந்தது. வருடத்துக்கு 99 டாலர் கட்ட வேண்டும். விற்பதில் 30 சதவீதம் ஆப்பிளுக்கு. வங்கி ஏடிஎம்களுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்த ஸ்டீவ் டிமீட்டர், போனைச் சாய்த்து ஆடும் 'ட்ரிஸம்' என்ற புதிரை 5 டாலருக்கு அங்கே வைத்தார். இரண்டு மாதத்தில் இரண்டரை லட்சம் டாலர்! 30 சதவீதம் கொள்ளை என்று இன்று திட்டுகிறார்கள். அன்று அவருக்கு அது கல்லாப்பெட்டியும் கடைத்தெருவும் சேர்த்துக் கிடைத்த வாடகை.

கூட்டம் பெருகியதும் கதை மாறியது. லட்சக்கணக்கான செயலிகளுக்கு நடுவே புதியவர் கண்ணில் படுவதே அரிது. சின்னத் திருத்தத்துக்கும் ஆப்பிளின் ஒப்புதல் வேண்டும். மறுத்துவிட்டால் போக வேறு கடை இருக்கவில்லை.

அப்புறம் 'வேர்டில்'. உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். ஐந்தெழுத்து, ஆறு முயற்சி, நாளுக்கு ஒரு சொல். 2021 அக்டோபரில் ஜோஷ் வார்டில் வெறும் வலைப்பக்கமாக வெளியிட்டார். (பெயரிலேயே சிலேடை!) நவம்பர் 1-ல் ஆடியவர்கள் 90 பேர், ஜனவரி 2-ல் மூன்று லட்சம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கமிஷனும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதைக் காப்பியடித்த செயலிகள் ஆப் ஸ்டோரில் முளைத்தன. ஆப்பிள் பிறகு அகற்றியது. ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வேர்டிலை வாங்கியது.

இதைப் பார்த்து யாராவது வேலையை விட்டால் நான் தடுப்பேன். அந்தப் பக்கம் விற்கும்வரை ஒரு காசு சம்பாதிக்கவில்லை.

2021 முதல் சிறு விற்பனையாளர்களுக்குக் கமிஷன் 15 சதவீதமானது. 2023-ல் ஐபோன் வலைச்செயலிகளுக்கும் அறிவிப்பு அனுப்பும் வசதி வந்தது. மறுவருடமே ஐரோப்பிய ஒன்றியத்தில் வலைச்செயலி வசதியையே எடுத்துவிடப் போவதாக ஆப்பிள் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் 1-ல் பின்வாங்கியது.