உறுப்புக் குடும்பம் (கட்டிடத் தகவல் மாதிரி)

கட்டிடத் தகவல் மாதிரி மென்பொருள்களில், ஒரே வடிவ அமைப்பைக் கொண்டு அளவுகளில் மட்டும் வேறுபடும் கட்டிட உறுப்புக்களின் தொகுதி உறுப்புக் குடும்பம் எனப்படுகின்றது. கதவு, சாளரம், தூண், உத்தரம் முதலியவை இவ்வாறு கையாளப்படுகின்றன. ஒரு குடும்பத்தினுள் குறிப்பிட்ட அளவுகள் கொடுத்துப் பெயரிடப்பட்ட ஒவ்வொன்றும் அளவு வகை ஆகும். குடும்பம் என்னும் சொல்லை இப்பொருளில் பரவச் செய்தது ரெவிட் மென்பொருள். 1997 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஒரு சிறு நிறுவனம் உருவாக்கிய இம்மென்பொருள், 2000 ஆம் ஆண்டில் வெளியானது. 2002 ஆம் ஆண்டில் இதனை ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கியது.

படிநிலை

உறுப்புக்கள் பகுப்பு, குடும்பம், வகை, நேர்வு என நான்கு நிலைகளில் அமைகின்றன. எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலையில் ரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலையில் 40 அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்றை வரைவதாகக் கொள்ளலாம். கதவு என்பது பகுப்பு. ஒற்றைக் கதவு என்பது குடும்பம். 1000 மிமீ அகலமும் 2100 மிமீ உயரமும் கொண்ட அறைவாயிற் கதவு ஒரு வகை. குளியலறைக்கான 800 மிமீ கதவு இன்னொரு வகை. சுவரில் பொருத்தப்பட்ட 40 வாயிற் கதவுகளும் முதல் வகையின் 40 நேர்வுகள் ஆகும்.

அளவுகளைக் குறிக்கும் அளபுருக்களும் இரு திறத்தன. வகைக்கு உரிய அளபுருவை மாற்றினால் அவ்வகையின் எல்லா நேர்வுகளும் மாறும். நேர்வுக்கு உரியது அந்த ஓர் உறுப்பை மட்டுமே பாதிக்கும். கதவின் அகலம் பொதுவாக முன்னதாகவும், சாளரம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அமைகின்றது என்பது பின்னதாகவும் வைக்கப்படுகின்றன.

தொடக்கநிலை மாணவர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே. சக்கர நாற்காலியில் வருவோருக்காக ஓர் அறையின் கதவை மட்டும் 1200 மிமீ ஆக்க விரும்பி, வகையையே திருத்தினால், மற்ற 39 அறைகளின் திறப்புக்களும் ஓசையின்றி அகன்றுவிடும். கதவு அட்டவணையும் உடன் மாறுவதால் வரைபடத்தில் முரண்பாடு எதுவும் தென்படாது. கொத்தனாரிடமும் தச்சரிடமும் வரைபடம் சென்ற பின்னரே தவறு வெளிப்படும். முதலில் வகையைப் படியெடுத்து, புதுப் பெயரிட்டு, அதன்பின் அளவை மாற்றுவதே சரியான முறை.

பெயரிடல்

வகைகளுக்கு "கதவு 1", "கதவு 2" எனப் பெயரிடுவது நாளடைவில் குழப்பத்தையே தரும். இந்தியத் தர நிறுவனம் மரக்கதவுகளுக்கு வகுத்துள்ள குறியீடு இதற்கு நல்ல முன்மாதிரி ஆகும். 10 டிஎஸ் 21 என்பதில், 100 மிமீ கொண்ட அலகுகளில் அகலம் 10, உயரம் 21. இடையில் உள்ள எழுத்துக்கள் ஒற்றைப் பலகக் கதவைக் குறிக்கின்றன. இது சுவரில் விடப்படும் திறப்பின் அளவு. நிலைச்சட்டம் இதனினும் சற்றுச் சிறியது. கதவுப் பலகம் இன்னும் சிறியது. பெயரிலுள்ள அளவு இம்மூன்றில் எதைச் சார்ந்தது என்பதைக் குடும்பத்தை உருவாக்குபவர் தொடக்கத்திலேயே முடிவுசெய்தல் வேண்டும்.

வகைப் பட்டியல்

எஃகு உத்தரங்கள் போன்றவற்றுக்குப் பல அளவுகள் உண்டு. இந்தியத் தரத்திலான ஐஎஸ்எம்பி வரிசை 100 முதல் 600 வரை செல்கின்றது. அதில் ஐஎஸ்எம்பி 300 என்பது 300 மிமீ ஆழமும் 140 மிமீ அகலமும் உடையது. எல்லா அளவுகளையும் திட்டத்தில் ஏற்றினால் கோப்பு வீணே பெருக்கும். ஆகவே ரெவிட்டில் குடும்பக் கோப்பின் பெயரிலேயே, அதே கோப்புறையில், ஓர் எளிய உரைக்கோப்பு வைக்கப்படுகின்றது. அதன் முதல் வரியில் அளபுருக்களின் பெயரும் அலகும், அடுத்த ஒவ்வொரு வரியிலும் ஒரு வகையின் அளவுகளும் காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு இருக்கும். ஏற்றும்போது வேண்டிய வகைகளை மட்டும் தெரிவு செய்யலாம். பட்டியலைப் பின்னர் திருத்தினால், முன்பே ஏற்றப்பட்ட வகைகள் தாமாக மாறுவதில்லை. அவற்றை மீண்டும் ஏற்ற வேண்டும்.

வேறொரு திட்டத்திலிருந்து உறுப்புக்களை ஒட்டும்போதும் கவனம் தேவை. ஒரே பெயரில் வேறுபட்ட இரு வகைகள் இருப்பின், ஒட்டப்படும் திட்டத்தில் ஏற்கெனவே உள்ள வகையே பயன்படுத்தப்படும். இதனைத் தெரிவிக்கும் எச்சரிக்கையைப் படிக்காமல் மூடிவிடுவோர் பலர்.

கோயிற் கட்டிடங்களில்

ரமணாசிரமத்தில் உள்ள மாத்ருபூதேசுவரர் கோயில், வைத்தியநாத ஸ்தபதியின் பொறுப்பில் 1939 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 1949 மார்ச் 17 அன்று குடமுழுக்குக் கண்டது. இத்தகைய கருங்கற் கோயிலை மாதிரியாக வரைய முற்படுவோர், குடும்பம், வகை என்ற பாகுபாடு சிற்ப நூல்களுக்குப் புதிதன்று என்பதைக் காண்பர். மானசாரம் தூண்களைக் குறுக்குவெட்டு வடிவத்தைக் கொண்டு பிரித்து, சதுரத் தூணைப் பிரம்மகாந்தம் என்றும், எண்கோணத் தூணை விஷ்ணுகாந்தம் என்றும், வட்டம் அல்லது பதினாறு பட்டைத் தூணை ருத்திரகாந்தம் என்றும் பெயரிடுகின்றது.

ஒரு வேறுபாடு உண்டு. கதவைப் போல இங்கே நிலையான அளவுகள் இல்லை, விகிதமே முதன்மையானது. ஒருதள விமானத்தின் உயரத்தை எட்டுப் பங்காக்கும் ஒரு முறையில், அதிட்டானத்துக்கு ஒன்று, சுவருக்கு இரண்டு, பிரஸ்தரத்துக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, சிகரத்துக்கு இரண்டு, கலசத்துக்கு ஒன்று எனப் பகிரப்படுகின்றன. ஆகவே பல வகைகளை உருவாக்குவதைவிட, ஓர் அடிப்படை அளவைக் கொடுத்து ஏனையவற்றைச் சூத்திரங்களால் பெறும் ஒரே குடும்பம் இதற்குப் பொருத்தமாகும்.

பழைய கட்டிடங்களில் இதுவும் போதாது. அருணாசலேசுவரர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத் தூண்கள் உளியால் செதுக்கப்பட்டவை. அவற்றை ஒரே வகையின் நேர்வுகளாக வரைந்தால், தூணுக்குத் தூண் உள்ள அளவு வேறுபாடும், சாய்வும், சிதைவும் மறைந்துவிடும். பராமரிப்புப் பணிக்கான ஆவணங்களில் ஒவ்வொரு தூணும் தனித்தனியே அளந்து பதியப்பட வேண்டும்.