அகராதிக்காரர்களைத் திணறடித்த சின்னச் சொற்கள்

1755 ஏப்ரல் 15 அன்று லண்டனில் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியில் 'டேக் ஆஃப்' என்பதைத் தேடிப் பார்ப்பவர்கள் சற்றுத் திகைப்பார்கள். அகற்றுதல் என்ற பொருள் அங்கே இருக்கிறது. கூடவே குடித்தல், விலைக்கு வாங்குதல், நகலெடுத்தல் என்ற பொருள்களும் இருக்கின்றன. ஜான்சன் மேற்கோள் காட்டும் தத்துவ அறிஞர் ஜான் லாக்கின் எழுத்தில் ஒருவன் மதுக் கோப்பையை 'டேக் ஆஃப்' செய்கிறான். அதாவது குடித்து முடிக்கிறான். அதே லாக் எழுதிய இன்னொரு வாக்கியத்தில், கூலிக்காரர் விவசாயியிடமிருந்து தானியத்தை வாங்குவதற்கும் அதே சொல்தான். கட்டுரையாளர் ஜோசப் அடிசனிடம் போனால் அது மாதிரிகளை மரத்தில் படியெடுப்பதைக் குறிக்கிறது. ரைட் சகோதரர்களின் விமானம் தரையை விட்டு எழும்ப அப்போது இன்னும் 148 ஆண்டுகள் இருந்தன.

சின்னதாக ஒரு வினைச்சொல், அதன் பின்னால் அப், ஆஃப், அவுட், இன் என்று அதைவிடச் சின்னதாக ஒரு சொல். இரண்டும் சேர்ந்தால், தனித்தனியே எதற்கும் இல்லாத பொருள் பிறந்துவிடுகிறது. ஆங்கில இலக்கணம் இதை ஃப்ரேசல் வெர்ப் என்கிறது. சட்டையைக் கழற்றுவது, விமானம் கிளம்புவது, விலையில் பத்து ரூபாய் குறைப்பது, வேலைக்கு விடுப்பு எடுப்பது, ஒருவரைப்போலப் பேசிக் காட்டுவது, புதிய கடையில் வியாபாரம் சூடுபிடிப்பது என அத்தனைக்கும் இன்று 'டேக் ஆஃப்' போதும். நீளமான சொற்களை மனப்பாடம் செய்துவிடும் மாணவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள்.

பழைய ஆங்கிலத்தில் இந்த ஒட்டுகள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் நின்றன. அண்டர்ஸ்டாண்ட், வித்ஸ்டாண்ட் போன்ற சொற்களில் அந்தப் பழக்கம் இன்றும் தங்கியிருக்கிறது. பிறகு அவை மெல்லப் பின்னால் நகர்ந்தன. பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் 1154 வரை எழுதிய வரலாற்றுக் குறிப்பேட்டில், சிறைப்பட்டவர்கள் தங்கள் கோட்டைகளை மன்னரிடம் ஒப்படைத்ததைச் சொல்லும் இடத்தில் 'கிவ் அப்' வந்துவிட்டது. 'டேக்' என்ற சொல்லோ வைக்கிங்குகளோடு கடல் கடந்து வந்தது.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது. ஏட்டில் லத்தீன் ஏற்கெனவே இருந்தது. ரிமூவ், டிபார்ட், இமிட்டேட், டிடக்ட் என்று 'டேக் ஆஃப்'புக்கு மாற்றாக இன்று சொல்லப்படும் சொற்கள் எல்லாம் அந்த இரண்டு வழிகளில் வந்தவை. அதனால்தான் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அப்படியே வைக்க முடிவதில்லை. பிள்ளையிடம் செருப்பைக் கழற்றச் சொல்லும் தாய் 'டேக் ஆஃப்' என்பார். அறிவிப்புப் பலகை 'ரிமூவ்' என்று எழுதும்.

வீட்டு மொழியின் இந்தக் கையடக்கச் சொற்களை ஏட்டில் ஏற்றுவதுதான் அகராதித் தொழிலின் கடினமான வேலையாக இருந்தது. லண்டனின் கஃப் சதுக்கத்தில் இருந்த தம் வீட்டின் மாடியறையில் ஜான்சன் ஆறு உதவியாளர்களை வைத்துக்கொண்டு உழைத்தார். புத்தகங்களைப் படிக்கும்போதே தேவையான சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் அதன் முதல் எழுத்தைக் குறித்துவிடுவார். உதவியாளர்கள் அந்த வாக்கியத்தைத் தாளில் படியெடுப்பார்கள். இப்படிச் சேர்ந்த மேற்கோள்களைப் பிரித்து அடுக்கியபோது 'டேக்' என்ற ஒரே வினைக்கு 134 பொருள்கள் தேறின. அந்தப் பதிவு ஐந்து பக்கங்களுக்கு ஓடியது. வினைக்குப் பின்னால் சிறுசொல் சேரும் இந்த வழக்கம்தான் அயல்மொழிக்காரர்களுக்கு மிகவும் கடினம் என்று முன்னுரையிலேயே அவர் எழுதினார். தாய்மொழிக்காரர் ஒருவர் இதைக் கண்டுகொண்டது பெரிய விஷயம். இதற்காகத் தனிக் கவனம் எடுத்துத் தொகுத்ததாகவும் அவர் சொல்கிறார்.

அடுத்த பெரும் முயற்சி ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1928-இல் முடிந்த அந்த வேலையில் நீண்ட காலம் பங்கேற்ற பதிப்பாசிரியர்களில் ஒருவர் ஹென்றி பிராட்லி. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு மட்டும் சுமார் 60,000 சொற்களில் விளக்கம் இருந்தது. அதிலுள்ள ஏறத்தாழ 580 பொருள்களில் 150 அளவுக்கு, செட் அப், செட் அவுட், செட் இன் போன்ற கூட்டுகளுக்கும் மரபுத்தொடர்களுக்கும் உரியவை. ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரைப் பரப்பியவர் லோகன் பியர்சல் ஸ்மித். 1925-இல் வெளியிட்ட தம் நூலில், அந்தப் பெயரைத் தமக்குச் சொன்னவர் பிராட்லி என்று அவர் குறிப்பிட்டார்.

1930-இல் சி.கே. ஆக்டன் வேறொரு பாதையில் போனார். 850 சொற்களே கொண்ட 'பேசிக் இங்கிலீஷ்' என்ற எளிய ஆங்கிலத்தை உலகத்தின் முன் வைத்தார். அதில் வினைகள் 18 மட்டுமே. மற்ற வினைகளின் வேலையையெல்லாம் கெட், புட், டேக் போன்றவற்றோடு சிறுசொற்களைச் சேர்த்து முடித்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. பட்டியல் சுருங்கியது, ஆனால் ஜான்சன் எச்சரித்த அதே சிக்கல் முழுப் பாரத்தோடு மாணவர் தலையில் இறங்கியது.

அயல்மொழி மாணவருக்கென்றே ஒரு பெரிய ஆங்கில அகராதி பிறந்த இடம் ஜப்பான். அங்கே ஆசிரியராக இருந்த ஏ.எஸ். ஹார்ன்பி, சக ஆசிரியர்களான கேட்டன்பி, வேக்ஃபீல்டு இருவரோடும் சேர்ந்து, ஒவ்வொரு வினையும் வாக்கியத்தில் எப்படி நடக்கும் என்பதை வாய்பாடுகளாக வகுத்தார். இங்கிலாந்தும் ஜப்பானும் போரில் மோதிக்கொண்டிருந்த 1942-இல், டோக்கியோவின் கைத்தாகுஷா பதிப்பகம் அந்த ஆங்கிலேயர்களின் அகராதியை வெளியிட்டது. அதையே 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு புதிய பெயரில் கொண்டுவந்தது. நம் ஊர்க் கல்லூரி மேசைகளில் தலைமுறைகளாகக் கிடக்கும் 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி'யின் மூலம் இதுதான்.

1989-இல் பர்மிங்காமின் கோபில்டு குழு, கணினியில் திரட்டிய மொழித்தரவை வைத்து ஃப்ரேசல் வெர்ப்களுக்கெனத் தனி அகராதி போட்டது. அப், ஆஃப், அவுட் ஒவ்வொன்றும் வினையோடு சேரும்போது எந்தெந்தப் பொருளைக் கொண்டுவருகிறது என்று அதன் கடைசிப் பகுதி தனியாகப் பட்டியலிட்டது. இதற்கிடையே 'டேக் ஆஃப்' பொருளாதாரத்துக்கும் போய்விட்டது: ஒரு நாடு தொடர் வளர்ச்சிப் பாதையில் ஏறும் கட்டத்துக்குப் பொருளியல் அறிஞர் வால்ட் ரோஸ்டோவ் 1960-இல் வெளியிட்ட நூலில் அந்தப் பெயரே நிலைத்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் மூன்றாம் பதிப்புக்கான வேலை இன்னும் நடக்கிறது. பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவர் 'ரன்' என்ற ஒரே வினையோடு ஒன்பது மாதங்களுக்கும் மேல் உட்கார்ந்து 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார். 'செட்' வைத்திருந்த நீண்ட நாள் சாதனை அதோடு கைமாறியது.