தோலுக்கு ஜகாத் உண்டு, டிரம்முக்குக் கிடையாது

ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி போனால் தோல் ஷாப்புகள் வந்துவிடும். அங்கே முதலாளிமார் ரமலானில் போடும் கணக்கு சுவாரசியமானது. விற்க அடுக்கிய தோல் சரக்கு, அதுக்கு ஜகாத் உண்டு. தோலைப் பதப்படுத்தும் டிரம் கருவி, அதுக்குக் கிடையாது. சரக்கு, ரொக்கம், வரவேண்டிய பாக்கி எல்லாம் கூட்டி, கடனைக் கழித்து, மிச்சம் 52.5 தோலா வெள்ளியின் மதிப்பை எட்டி ஒரு சந்திர வருஷம் நின்றால், நூற்றுக்கு 2.5.

யாருக்குக் கொடுப்பது? குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது. ஏழையும் கடனாளியும் அதில் உண்டு. இப்பகுதியில் பரவலான ஹனஃபி மரபில், வாங்குபவர் கையில் அது சொந்தமாகச் சேரணும். 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி தொடங்கியது. இந்த விதிப்படி ஏழை மாணவனின் கையில் ஜகாத் கொடுக்கலாம். கல்லூரிச் சுவருக்கு முடியாது. சுவருக்கு வேறு கொடை வேணும்.

கூலியும் ஜகாத்தில் சேராது. அது தொழிலாளிக்குப் பட்ட கடன். தோல் ஷாப்புகளில் வேலை பார்ப்பவர்களில் தலித்துகள் நிறையப் பேர். ஹனஃபி மரபில் ஜகாத் முஸ்லிம்களுக்கு மட்டும்தான். ஆக, அவர்களுக்கு நியாயமான கூலியே முதல் உரிமை.

28 ஆகஸ்ட் 1996-இல் உச்ச நீதிமன்றம், பாலாற்றைக் கெடுத்ததற்காகத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. ஊர்க் கிணறுகள் கெட்டதற்கு நஷ்டஈடும் தரச் சொன்னது. கடனைக் கழித்த பிறகுதான் ஜகாத் என்றால், ஆத்துக்குப் பட்ட கடனை எந்த வரியில் எழுதுவது?