ஐடா பி. வெல்ஸ்

ஐடா பெல் வெல்ஸ்-பார்னெட் (16 ஜூலை 1862 – 25 மார்ச் 1931) அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர். விசாரணையின்றிக் கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமையை, இறந்தவரின் பெயர், ஊர், தேதி, சாட்டப்பட்ட குற்றம் எனக் கணக்கெடுத்து உலகத்தின் முன் வைத்தவர்.

மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊரில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தார். 1878-ல் பரவிய மஞ்சள் காய்ச்சல் தாய், தந்தை, கைக்குழந்தையான தம்பி மூவரையும் கொண்டுபோனது. எஞ்சிய பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் பேசியபோது 16 வயது ஐடா சம்மதிக்கவில்லை. பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்து குடும்பத்தைத் தாங்கினார். பின்னர் டென்னசியின் மெம்பிஸ் நகரில் பணியாற்றினார். 1884-ல், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும் ரயிலில் பெண்கள் பெட்டியிலிருந்து அவரை இழுத்து இறக்கினார்கள். பிடித்து இழுத்த கண்டக்டரின் கையைக் கடித்தார், வழக்கும் போட்டார். 500 டாலர் இழப்பீடு கிடைத்தது. 1887-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

1889-ல் மெம்பிஸின் ‘ஃப்ரீ ஸ்பீச்’ பத்திரிகையின் பங்குதாரரும் ஆசிரியருமானார். கறுப்பினத்தவருக்கான பள்ளிகளின் அவல நிலையை அதில் எழுதியதற்காக 1891-ல் ஆசிரியை வேலை போயிற்று. அதன்பின் ஊர் ஊராகப் போய்ச் சந்தா சேர்த்தார். எழுத்தறியாதவர்களும் அந்தப் பத்திரிகையைக் கேட்டு வாங்கி, வீட்டில் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தார்கள். அவர்களிடம் வேறு தாளைத் தள்ளிவிட்டுச் சிலர் ஏமாற்றியதால், ‘ஃப்ரீ ஸ்பீச்’ இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகத் தொடங்கியது. நிறத்தைப் பார்த்தே வாங்கினார்கள்.

1892 மார்ச் 9 அவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது. நகரின் விளிம்பில் கறுப்பினத்தவர் கூட்டாக நடத்திய ‘பீப்பிள்ஸ் குரோசரி’ மளிகைக் கடை, எதிரே இருந்த வெள்ளையர் கடையின் வியாபாரத்தைக் குறைத்தது. சிறுவர்களின் கோலி விளையாட்டுச் சண்டையில் தொடங்கிய தகராறு கைகலப்பாகவும் துப்பாக்கிச் சூடாகவும் முற்றியது. சிறையில் அடைக்கப்பட்டிருந்த கடைக்காரர்கள் தாமஸ் மாஸ், கால்வின் மெக்டொவல், வில் ஸ்டூவர்ட் மூவரையும் ஒரு கும்பல் வெளியே இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. மாஸ் தபால்காரராகவும் வேலை பார்த்தவர். அவருடைய மகளுக்கு ஐடா ஞானத்தாய்.

நீதி கிடைக்காத ஊரைவிட்டுக் கிளம்புங்கள் என்று ஐடா எழுதினார். ஆயிரக்கணக்கானோர் மேற்கே குடிபெயர்ந்தனர்; இருந்தவர்கள் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினர். வசூல் படுத்துவிட, டிராம் கம்பெனி அதிகாரிகள் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து, பயணிகளைத் திரும்பி வரச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டனர்.

கும்பல் கொலைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட நியாயம், வெள்ளைப் பெண்கள் மீதான வன்புணர்ச்சி. மாஸைப் போன்றவர்கள் அப்படிப்பட்ட குற்றச்சாட்டே இல்லாமல் கொல்லப்பட்டதால் ஐடா ஒவ்வொரு சம்பவமாகத் துருவத் தொடங்கினார். அந்த நியாயம் பொய் என்று மே மாதம் தலையங்கம் எழுதினார். அவர் வெளியூரில் இருந்த நேரத்தில் அச்சகம் உடைத்து நொறுக்கப்பட்டது. திரும்பி வந்தால் உயிர் தங்காது என்று எச்சரிக்கையும் வந்தது. நியூயார்க்கில் தங்கி ‘நியூயார்க் ஏஜ்’ பத்திரிகையில் எழுதினார். ‘சதர்ன் ஹாரர்ஸ்’ (1892), ‘எ ரெட் ரெக்கார்ட்’ (1895) நூல்கள் இந்தத் தேடலின் விளைவு.

அவருடைய முறை இன்றும் பத்திரிகையாளர்கள் கற்க வேண்டியது. கறுப்பினத்தவர் தரும் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள் என்பதை உணர்ந்து, வெள்ளையரின் ‘சிகாகோ டிரிப்யூன்’ நாளேடு வெளியிட்ட பட்டியல்களையே ஆதாரமாக எடுத்தார். வன்புணர்ச்சி என்ற குற்றச்சாட்டாவது இருந்த கொலைகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. மற்றவர்களில் வெள்ளையரை அவமதித்ததாகச் சொல்லப்பட்டவர்களும், எந்தக் குற்றமும் சாட்டப்படாதவர்களும் இருந்தார்கள்.

1893, 1894 ஆண்டுகளில் பிரிட்டனில் மேடை மேடையாகப் பேசினார். 1895-ல் சிகாகோ வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்தார், நான்கு பிள்ளைகள். கைக்குழந்தையோடு சொற்பொழிவுப் பயணம் போனார். 1913-ல் கறுப்பினப் பெண்களுக்காக ஆல்ஃபா வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் கறுப்பினப் பெண்களைக் கடைசியில் நிற்கச் சொன்னபோது, கூட்டத்திலிருந்து வந்து தம் மாநில அணியின் நடுவே சேர்ந்து நடந்தார். 1919-ல் ஆர்கன்சாவின் எலெய்ன் பகுதியில் கறுப்பினத்தவர் படுகொலை செய்யப்பட்ட பின் 12 கறுப்பின விவசாயிகளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஐடா கைதிகளின் உறவுப் பெண்களில் ஒருவரைப் போலச் சிறைக்குள் சென்று, கைதிகளின் வாய்மொழியைக் கேட்டு வெளியிட்டார்.

அவருடைய தன்வரலாறு பாதி வாக்கியத்தில் நின்றுபோனது. மகள் ஆல்ஃப்ரீடா டஸ்டர் அதைத் தொகுத்து 1970-ல் வெளிவரச் செய்தார். 2020-ல் ஐடாவுக்குப் புலிட்சர் சிறப்புப் பாராட்டு வழங்கப்பட்டது. 2021-ல், அவரைத் துரத்திய மெம்பிஸ் நகரின் பீல் தெருவில் சிலை எழுந்தது. கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் 2022 மார்ச்சில்தான் கையெழுத்தானது.