பிள்ளைத்தமிழும் குழந்தை வளர்ச்சியும்

ஸ்கூடாய் முதலிய ஜொகூர் ஊர்களில் தாய்மார் குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசென்றால், தலை நின்றதா, தவழ்கிறதா, நடக்கிறதா என்று வினவிக் குறித்துக்கொள்வர். இப்படிகளைத் தமிழ்ப் புலவர் வேறொரு நோக்கம் பற்றி முன்பே வரிசைப்படுத்தியுள்ளனர்.

12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழே இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ்களுள் பழையது. பாட்டியலார் 3ஆம் திங்கள் முதல் 21ஆம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் பத்துப் பருவங்களை அமைத்தனர். 5இல் செங்கீரை: இரு கைகளையும் ஒரு முழந்தாளையும் நிலத்தில் ஊன்றி, மற்றொரு காலை நீட்டி, தலை நிமிர்ந்து முகம் அசைத்தல். 9இல் சப்பாணி, அதாவது கைகொட்டல். 13இல் வருகை, தளர்நடைப் பருவம்.

வரிசை கண்டறிந்தது; ஒற்றை எண்களோ மரபு பற்றியன போலும். எக்குழந்தையும் இலக்கணம் பார்த்து வளர்வதில்லை அன்றோ! உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட அளவைப்படி, தனித்து நடத்தல் 8.2 மாதத்திலும் நிகழலாம், 17.6 மாதத்திலும் நிகழலாம். முழந்தாளூன்றித் தவழ்தல் 5.2 மாதத்துக்கு முன் அரிது, 4.3 விழுக்காட்டுக் குழந்தைகள் அவ்வாறு தவழவே இல்லை. எனவே செங்கீரைக்கு 5 என்பது சற்று விரைவே. அத்திங்கள் கழிந்ததென்று தாய் அஞ்ச வேண்டுவதில்லை. 18 மாதமாகியும் நடவாத குழந்தையை மட்டும் மருத்துவரிடம் காட்டாமல் இருத்தலாகாது.