ஹாப்ஸ், தாமஸ் (1588–1679)

ஆங்கில அரசியல் மெய்யியலாளர். மாம்ஸ்பரிக்கு அருகே பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவர். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில் பாரிஸில் தங்கி, 1651-இல் ‘லெவியத்தான்’ நூலை வெளியிட்டார்.

இறைமை: பொது அதிகாரம் இல்லாத இயற்கை நிலையில் மனிதர் ஒருவருக்கொருவர் அஞ்சி ஓயாப் போரில் வாழ்வர். அதிலிருந்து மீள அனைவரும் ஒப்பந்தம் செய்து, தம்மைத் தாமே ஆளும் உரிமையை ஒரு மன்னரிடமோ அவையிடமோ ஒப்படைக்கின்றனர். அந்த இறைமை பிரிக்க முடியாதது. ஆயினும் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையை எவரும் கைவிடுவதில்லை. குடிகளைக் காக்கும் வலிமையை அரசு இழந்தால் கீழ்ப்படியும் கடமையும் முடிவுறும்.

சட்டம்: சட்டம் என்பது இறைமையாளரின் கட்டளை. நெடுநாள் வழக்கமோ நீதிபதிகளின் புலமையோ தம்மளவில் சட்டமாகா. இவ்வகையில் ஆங்கில நீதிபதி எட்வர்ட் கோக்கின் பொதுச்சட்டக் கொள்கையை மறுத்தார். சட்டம் மௌனமாக இருக்குமிடத்தில் குடிமக்களுக்குச் சுதந்திரம் உண்டு.

சமயம்: திருச்சபை அரசுக்குக் கட்டுப்பட்டது, வெளிப்படையான வழிபாட்டையும் போதனையையும் நெறிப்படுத்துவது இறைமையாளரே. அகநம்பிக்கையை எந்தக் கட்டளையாலும் மாற்ற இயலாது. ‘லெவியத்தான்’ நூலின் முகப்போவியம் திருச்சபை அரசுக்குக் கட்டுப்பட்டது என்ற கருத்தை விளக்குகிறது: எண்ணற்ற மக்களாலேயே ஆன உடலுடைய பேரரசர் ஒரு கையில் வாளும் மறு கையில் ஆயரின் செங்கோலும் ஏந்தி நிற்கிறார்.

நாத்திகர் என்று பழிக்கப்பட்ட ஹாப்ஸின் நூல்களை, அவர் மறைந்தபின் 1683-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் எரித்தது. வரம்பற்ற அதிகாரத்துக்கு இடமளித்தது இவர் கோட்பாட்டின் பெருங்குறை. அரசின் உரிமையை மக்களின் இசைவில் நிறுவியது இவரது நிலைத்த கொடை.